ஆயிரத்துத் தொள்ளாயிரத்தின் பிப்ரவரி

கல்லூரி முதல் வருடத்தில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த லட்சணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படிப்பை வைத்துத்தான் வேலை வாங்கினேன், அதில்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் ஆறவில்லை. யாராவது என்னிடம் வந்து அந்தக் காலத்தில் அடிப்படை பலமாக இருந்தது என்று ஆரம்பித்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் அப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டார்கள். பிரான்சுக்குப் போக வழியில்லாத வீடுகளில் அமெரிக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அப்படித்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடத்தில் மூன்று பாடம்: கம்ப்யூட்டர் அறிமுகம், நெட்வொர்க்கிங் அறிமுகம், சி புரோகிராமிங்.

லேபுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றி வாசலில் விட வேண்டும். உள்ளே ஏசி ஓடும். அது உங்களுக்காக இல்லை, மெஷினுக்காக என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு மானிட்டருக்கும் தைத்துப் போட்ட துணி உறை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த மார்ச் மாதம் வரை அதன் நெற்றியில் காய்ந்து கிடக்கும். இரண்டு பேருக்கு ஒரு மெஷின். ஒருத்தர் தட்ட வேண்டும், இன்னொருத்தர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

நெட்வொர்க்கிங் பாடம் இதைவிடக் கூத்து. சார் போர்டில் நட்சத்திரம் போல ஒரு படம், வளையம் போல ஒரு படம், நேர்க்கோடு போல ஒரு படம் வரைவார். கம்ப்யூட்டர்களை இப்படி இப்படி இணைக்கலாம் என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த மெஷின்களில் ஒன்றுகூட இன்னொன்றோடு இணைக்கப்படவில்லை. கேபிளும் அதன் முனையில் கிளிப் மாட்டும் கருவியும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருந்தன. ஒரு வருடம் முழுக்க நாங்கள் அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே படித்தோம். பரீட்சையில் அதற்குப் படம் வரைந்து பதினாறு மார்க்கும் வாங்கினோம்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது ரெகார்டு நோட்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் எழுதும் ஒவ்வொரு புரோகிராமும் ரெகார்டு நோட்டில் ஏற வேண்டும். வலப்பக்கம் கோடு போட்ட தாளில் பேனாவால் புரோகிராம். இடப்பக்கம் வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு பெட்டி போட்டு, திரையில் என்ன விடை வரும் என்பதை அதற்குள் எழுத வேண்டும். நோட்டுக்குக் காக்கிக் காகித அட்டை. சார் கையெழுத்து இல்லாத ரெகார்டோடு யாரும் பிராக்டிகல் பரீட்சைக்குள் நுழைய முடியாது. சார் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அவரிடம் உள்ள ஃபைலில் இருப்பது போலவே நம் நோட்டிலும் இருக்க வேண்டும். அந்த ஃபைல் அவர் படித்த காலத்து ரெகார்டு. ஆகவே எல்லோரும் சீனியரின் நோட்டை வாங்கி அப்படியே இறக்குவோம். சீனியர் அவருடைய சீனியரிடமிருந்து இறக்கியிருப்பார். மெஷினில் தட்டுவது கடைசி வேலை. சில சமயம் அதுவும் கிடையாது.

என் பக்கத்து ரோல் நம்பரும் என்னைப் போல ஒரு பெண்தான், பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துக்காரி. அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர், அம்மா ஊருக்குள் மீன் விற்கிறவர். அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவள். அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். அவளுடைய அண்ணன் ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பியிருந்தான்: ஒரு பேப்பர் போனாலும் படிப்பு நின்றுவிடும், கல்யாணம். இதை அவள் என்னிடம் சேர்ந்த முதல் வாரமே, பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு விரலால்தான் தட்டுவாள். ஆனால் எங்கள் வகுப்பு அறுபது பேரில் புரிந்துகொண்டு தட்டியவள் அவள் ஒருத்திதான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரெகார்டில் ஏழாவது புரோகிராம் லீப் வருடம் கண்டுபிடிப்பது. கொடுத்த வருடம் நான்கால் மீதியில்லாமல் வகுபட்டால் லீப் வருடம், இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான். இடப்பக்கம் நான்கு விடைகள்: 1996 லீப், 1999 இல்லை, 2000 லீப், 1900 லீப். மெஷினில் தட்டினோம். அப்படியே வந்தது. நான் துணி உறையை எடுத்து மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நூலகத்துப் புத்தகத்தில் இந்தப் புரோகிராமுக்கு மூன்று நிபந்தனை போட்டிருக்கிறது, நம் ரெகார்டில் ஒன்றுதானே இருக்கிறது என்றாள். அந்தப் புத்தகத்தை வெளியே கொடுக்க மாட்டார்கள், அதனால் கையால் எழுதி வந்திருந்தாள். நூறால் வகுபடும் வருடம் லீப் இல்லை. நானூறாலும் வகுபட்டால் மட்டும் லீப். அதன்படி 2000 சரி, 1900 தப்பு.

நான் உடனே நம்பவில்லை. ஆனால் சரிபார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது, அது அந்த வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத வழி.

என் அப்பா எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய புத்தகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாதிரிச் சாமியார்கள் பிரெஞ்சில் எழுதியவை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அலைகிறவர்கள் தங்கள் தாத்தாவின் தகப்பன் பிறந்த நாளைத் தேடி அப்பாவிடம்தான் வருவார்கள். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு புள்ளி மாறாமல் நகல் எழுதிக் கொடுப்பார். அந்தப் புத்தகங்களில் தப்பு வந்தால் அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, சாமியாரும் இரண்டு சாட்சிகளும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அதை ரெக்டிஃபிகாசியோன் என்று மூக்கால் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் அப்பாவின் மேசைக்குப் போனோம். 1900 அடக்கப் புத்தகத்தை எடுத்துப் பிப்ரவரி முடியும் பக்கத்தைப் பிரித்தார். ஒரு நெசவாளியின் மனைவி பிப்ரவரி இருபத்தெட்டு, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று இறந்திருந்தாள். அப்பா விரலை வைத்து வாசித்தார்: "லு லாந்த்மேன், ப்ரெமியே மார்ஸ். மறுநாள், மார்ச் ஒண்ணாந்தேதி, வியாழக்கிழம அடக்கம்." நடுவில் இருபத்தொன்பது என்று ஒரு நாள் இல்லவே இல்லை. என் தோழி அந்தப் பழுப்புத் தாளைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். அப்பா எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு பேரும் மூன்று நிபந்தனையோடு ரெகார்டை எழுதினோம். 1900 லீப் வருடம் இல்லை என்று பென்சிலால் பெட்டிக்குள் போட்டோம். சார் என் நோட்டைத்தான் முதலில் பிரித்தார். ஃபைலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், சிவப்பு மையால் இரண்டு பக்கத்தையும் குறுக்கே கிழித்த மாதிரி ஒரு கோடு இழுத்தார். புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். எந்தப் புத்தகம் சிலபஸ், எது சிலபஸ் இல்லை என்று தெரியுமா என்றார். ஜெராக்ஸை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ இன்னாம்மா கம்ப்யூட்டர் படிக்க வந்தியா, செத்தவங்க கணக்கு பாக்க வந்தியா?"

வகுப்பே சிரித்தது. அவருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. தெரியாதது ஒரு குற்றமா? மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும் என்ற நிலையில், புத்தகம் ஒன்றைப் புரட்ட இரண்டு நிமிடம் ஆகும் என்ற நிலையில், அந்த மனிதர் சிவப்புப் பேனாவை எடுத்தாரே, அதற்குத்தான் கோபம். பத்து வருடமாக வகுப்புக்கு அறுபது பேர் என்று தப்பைப் பென்சிலால் பெட்டி போட்டு வரைய வைத்திருக்கிறார். அதில் ஒருத்தர்கூட வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ தேதியோடு சம்பந்தப்பட்ட வேலை செய்ய மாட்டார்களா?

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என் நோட்டில் சாரின் கையெழுத்து விழுவதுதான் முக்கியம்.

"அவரு ஃபைலுல இருக்கறத அப்படியே எழுதிக் குடுத்துடு. திருத்தத்த ஓரத்துல வச்சிக்கலாம்."

நான் அப்படியே செய்தேன். ஒற்றை நிபந்தனை, 1900 லீப். சார் கையெழுத்துப் போட்டார், ஒரு 'குட்'டும் போட்டார். ஓரத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே அந்த ஜெராக்ஸை நான்காக மடித்துக் காக்கி அட்டைக்கு உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன். எங்கள் வீட்டுப் புத்தி அது. திருத்தம் எங்கோ ஒரு மூலையில் இருந்தால் போதும், நியாயம் செய்தாகிவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி. ஓரத்தில் எழுதினால் மட்டும் போதாது, சாட்சி கையெழுத்துப் போட வேண்டும் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

அவள் வேறு மாதிரி செய்தாள். அவளுடைய நோட்டை அன்று சார் கையில் கொடுக்காமலே வைத்துக்கொண்டிருந்தாள். சார் விடைகளை மட்டும்தான் பார்ப்பார், புரோகிராமை வாசிக்க மாட்டார் என்று கண்டுபிடித்திருந்தாள். சரியான மூன்று நிபந்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டு, இடப்பக்கம் பென்சிலில் இருந்த 1900 விடையை மட்டும் அழித்துவிட்டாள். அதற்குப் பதிலாக 2001 போட்டாள். சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் அதைக் காட்டி என்னிடம் பெருமைப்பட்டாள். பொய்யும் எழுதவில்லை, கையெழுத்தும் வாங்கியாயிற்று என்றாள்.

பிராக்டிகல் பரீட்சை அன்று காலை பதினோரு மணிக்கு எங்கள் பேட்ச் உள்ளே போனது. வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் எக்ஸ்டர்னலாக வந்திருந்தார். எங்கள் சார் இன்டர்னல். டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டும், அதில் வரும் புரோகிராமைத் தட்டிக் காட்ட வேண்டும். அவள் எடுத்த சீட்டில் லீப் வருடம். திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்கு அடுத்த மெஷின்தான் அவளுடையது.

முதலில் முடித்தது அவள்தான். சாரும் எக்ஸ்டர்னலும் வந்தார்கள். 2000 என்று தட்டச் சொன்னார்கள், லீப் என்று வந்தது. 1999, இல்லை என்று வந்தது. பிறகு சார் தன் ஃபைலைப் பார்த்து 1900 தட்டு என்றார். லீப் வருடம் இல்லை என்று வந்தது. சார் ஒரு வெற்றிச் சிரிப்போடு எக்ஸ்டர்னலைப் பார்த்தார்.

அவள் எழுந்து நின்று விளக்கினாள். சத்தமே உயர்த்தவில்லை.

"சார், ஆயிரத்தித் தொள்ளாயிரம் நூறால வகுபடும், நானூறால வகுபடாது. அதனால லீப் இல்ல சார்."

எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்காக வாங்கி வைத்த பிரியாணிப் பொட்டலத்தின் வாசனை ஏசி அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்க ரெகார்டுல என்ன போட்டிருக்கு என்று சாரிடம் கேட்டார். சார் அவள் நோட்டைப் பிரித்தார். 1900 அதில் இல்லை. புரோகிராமும் ஃபைலில் உள்ளது போல இல்லை. வகுப்பில் செய்ததை எழுதாமல் இவளாக எதையோ எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள் என்றார். பிறகு கையை நீட்டி, என் மேசை மேலிருந்த என் ரெகார்டை எடுத்தார். ஏழாவது புரோகிராமைப் பிரித்து எக்ஸ்டர்னல் முன்னால் வைத்தார். சிவப்பில் அந்த 'குட்' பளிச்சென்று இருந்தது. சாரின் கட்டைவிரல் காக்கி அட்டையின் மேல் இருந்தது. மடித்து ஒட்டிய ஜெராக்ஸின் மேடு அந்த விரலுக்கு நேர் அடியில் எனக்குத் தெரிந்தது.

எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்தார். "இது நீ மெஷின்ல ஓட்டிப் பாத்து வந்த விடைதானாம்மா?"

அவளும் என்னைப் பார்த்தாள். பயப்பட்டுப் பார்க்கவில்லை. சாட்சி வந்துவிட்டது என்று நிம்மதியாகத்தான் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றேன்.

நான் சொன்னது பொய்கூட இல்லை. அந்தத் தப்பான புரோகிராமை மெஷினில் ஓட்டினால் அந்தத் தப்பான விடைதான் வரும். ஓட்டினேன், வந்தது. என்னிடம் கேட்ட கேள்விக்கு ஒரு எழுத்து மாறாமல் பதில் சொன்னேன். என் அப்பாவின் மகள். எக்ஸ்டர்னல் சரி என்று தலையாட்டி எதையோ குறித்தார். சார் என் நோட்டை மூடி என் மேசையில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அவள் அப்படியே உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய சரியான விடை இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அவள் அதை அழிக்கவில்லை. நான் என் சீட்டில் வந்த கேள்வியை முடித்தேன். ஐந்து பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் புரோகிராம். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கினேன்.

அவள் அந்தப் பிராக்டிகலில் ஃபெயில். மற்ற எல்லாப் பேப்பரிலும் முதல் வகுப்பு. பிராக்டிகலை மறுபடி எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அண்ணன் ஒரு வாரம்கூடக் காத்திருக்கவில்லை. இரண்டாம் வருடம் வகுப்பு தொடங்கியபோது ரோல் நம்பர் வரிசையில் எனக்கு அடுத்து வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். பிள்ளைச்சாவடிக்குப் பஸ்ஸில் போக அரை மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது. அதற்கும் போகவில்லை. அன்று உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

பல வருடம் நான் சாரைத்தான் திட்டினேன். வேலைக்குச் சேர்ந்த இடத்தில், சாப்பாட்டு மேசையில், புதிதாக வருகிற பிள்ளைகளிடம், எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். தப்பைத் தட்டிக் கேட்ட பெண்ணைத் தொலைத்துவிட்டார்கள் என்று ஆவேசமாகச் சொல்வேன். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் என் ரெகார்டு நோட்டு வரும் இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். எக்ஸ்டர்னல் யாரோ ஒரு பெண்ணிடம் கேட்டார், அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள் என்பேன். ஒருத்தர்கூட யார் அந்தப் பெண் என்று கேட்டதில்லை.

அப்படிச் சொல்லித் திரிந்த காலத்தில்தான் ஒரு நாள், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான் கடற்கரைச் சாலை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். தோளில் மகளின் பள்ளிப் பை, கையில் மகள். முதலில் என்னைக் கண்டுகொண்டது அவள்தான். நன்றாக இருக்கிறாயா, எங்கே வேலை, எத்தனை பிள்ளை என்று விசாரித்தாள். சாரைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அந்த ஆள் இன்னும் அதே ஃபைலை வைத்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறான் என்று என் வழக்கமான வேகத்தில் திட்டினேன். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அத வுடுடி. அந்தத் தொள்ளாயிரம் லீப் வருஷம் இல்லதான?"

"இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ சொல்லி ஒரு வாட்டி கேக்கணும்னு இருந்துச்சு."

அவளுடைய பஸ் வந்தது. மகளை முதலில் ஏற்றிவிட்டுப் பையைச் சரி செய்துகொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். 'இல்ல' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நினைத்துப் பார்த்தேன். அன்று லேபிலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.